புழு வளர்க்கிற சாஸ்திரம்

வாடா மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காரு. பிடி பருத்தி விதைப் பையில சாதாப் பருத்தி விதையையும் கலந்து வச்சிருக்கான், ஏமாத்துறான்னு கடைக்காரன்கிட்ட மல்லுக்கு நின்னியாமே? பயோடெக்னாலஜி படிச்ச பிள்ளைன்னா சும்மாவா! உனக்குப் பருத்தியவிடப் புழு வளர்க்கிறதுலதான் ஆசை போல. அதுக்கும் நம்மகிட்ட சாஸ்திரம் இருக்கு, கேட்டுக்க.

மண்ணுல கிடக்கிற ஒரு பாக்டீரியா, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். அது செய்ற புரதம் காய்ப்புழு வயித்துக்குள்ள போனா குடல்ல ஒட்டி ஓட்டை போட்டுரும். அந்தப் புரதத்துக்கான ஜீனை எடுத்துப் பருத்திக்குள்ள வச்சாங்க, அதான் பிடி பருத்தி. 2002-ல நம்ம நாட்டுல அனுமதியும் கிடைச்சது. கடிச்ச புழு செத்துச்சு. காய்ப்புழுவுக்கு மருந்தடிக்கிற செலவும் குறைஞ்சது.

ஆனா லட்சத்துல ஒரு புழு அதையும் தாங்கும். காடு பூரா பிடி பருத்தியாவே இருந்தா, தாங்கினதுக்குத் தாங்கினதே சோடி. அக்கா மக, மாமன் மகன்னு சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டாப்புல, அந்தக் குணம் ரெண்டு பக்கமும் பிள்ளைக்கு இறங்கிரும். பக்கத்துல சாதாப் பருத்தி இருந்தா அதுல ஆயிரம் நோஞ்சான் பிழைச்சு, அந்துப்பூச்சியாகி, அசலூர் சம்பந்தம் பேச வந்துரும். ஒரு பக்கக் குணத்தோட பிறக்கிற பிள்ளை பிடி இலையக் கடிச்சா பெரும்பாலும் செத்துரும். ஆகையினால, சாதா விதைய ஒழிக்கிறதுதான் சாஸ்திரத்துல முதல் பாடம்.

உங்கப்பன் அதுல கெட்டிக்காரன். அப்பெல்லாம் 450 கிராம் பிடி விதையோட 120 கிராம் சாதா விதை தனிப் பொட்டணமா வரும். காட்டச் சுத்தி அஞ்சு வரிசை, இல்லாட்டி நூத்துக்கு இருபது பங்கு, எது கூடவோ அத விதைன்னாங்க. உங்கப்பன் பொட்டணத்த வேலியோரம் வீசிட்டு வந்தான்.

ரெண்டாவது பாடம், சாதி பார்த்துப் புழுவப் பிடி. பச்சைக் காய்ப்புழு உதவாது. துவரை, கொண்டைக்கடலை, தக்காளின்னு ஊர் மேஞ்சு நோஞ்சானோட கலந்துரும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு மானஸ்தன், பருத்திய விட்டு அநேகமா வேற வாசல் மிதிக்காது.

மூணாவது, அறுவடை முடிஞ்சாலும் பருத்திமாரைப் பிடுங்காத. பழங்காய்க்குள்ள புழு சுகமா உறங்கட்டும்.

இப்படி ஊரே கூடி வளர்த்ததுக்குப் பலன் இல்லாமலா போச்சு? முதல் ஜீனை குஜராத்துல அந்தப் புழு செரிச்சிருச்சுன்னு 2010-ல வெளிய வந்தது. 2006-ல வந்த ரெண்டு ஜீன் விதையும் பிறகு அதுக்குத் தீனியாச்சு. அமெரிக்காக்காரனுக்குத்தான் புழு வளர்க்கத் துப்பில்ல. அரிசோனாவுல சாதாப் பருத்திய ஒழுங்கா விதைச்சான், பிறகு மலட்டு அந்துப்பூச்சிய விமானத்துல கொண்டுபோய்க் கொட்டினான். 2018-ல எங்க பருத்திக்காட்டுல இந்தப் புழுவே இல்லைன்னு அறிவிச்சுட்டான், பாவம்!

நம்ம பவிசு தெரிஞ்சுதான் இப்ப ஒரே பையில கலந்து கொடுக்கான். விதைக்கு ஜீன் உண்டுன்னு படிச்ச, சரி. புழுவுக்கும் உண்டுன்னு வாத்தியார் சொல்லலையா? சொல்லலைன்னா போகட்டும். பையப் பிரிச்சுச் சாதா விதையப் பொறுக்கத்தான் போறேன்னா, என் மூக்குக்கண்ணாடிய எடுத்துட்டுப் போ மாப்ளே. பார்க்க ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும்.