சாரலடி பதில்கள்

சீசன் விசாரிப்பவர், சென்னை: குற்றாலத்தில் இப்போது தண்ணீர் விழுகிறதா?

விழுகிறது. மேலேயிருந்து கீழே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கடையநல்லூர்: பெரிய இடத்துக் காதல் கதைகளில் உங்கள் மனதுக்குப் பிடித்தது எது?

வேறெது டீச்சர்? நம்ம மேலகரத்துக் கவிராயர் எழுதியதுதான். குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பெரிய வீட்டுப் பெண். அடுப்பங்கரைப் பக்கம் போனவளாகத் தெரியவில்லை, பந்தாடிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்துக் குற்றாலநாதர் பவனி வருகிறார். பந்து ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். அப்புறம் நிலவுக்கு ஏச்சு, தென்றலுக்கு ஏச்சு, மன்மதனுக்கு இரட்டை ஏச்சு. தோழியைத் தூது அனுப்புகிறாள். குறத்தி வந்து கையைப் பிடித்துப் பார்த்து, உன் மனசில் இருப்பவர் இன்னார் என்று சொல்லி, நகைநட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். சரி, கல்யாணம்? முகூர்த்தம்? பந்தி? ஒன்றும் கிடையாது. கவிராயர் வசந்தவல்லியை அப்படியே முற்றத்தில் நிறுத்திவிட்டுக் குறத்தியின் பின்னால் ஓடிவிட்டார்.

ஓடியது நல்லதாகப் போயிற்று. குறத்தியின் புருஷன் சிங்கன் குருவி பிடிக்க வந்தவன். பெண்டாட்டி ஞாபகத்தில் குருவியெல்லாம் பறந்துபோக விடுகிறான். தேடித் தேடி அவளைக் கண்டுபிடித்தால், தலை முதல் கால் வரை நகை. வயிற்றில் புளி கரைக்கிறது. நேரே கேட்கவும் பயம். அதனால் காட்டுக்காரனாக நடிக்கிறான்: காலில் கிடப்பது விரியன் பாம்போ என்று ஆரம்பித்து ஒவ்வொரு நகையாக விசாரிக்கிறான். அவளும் சளைக்கவில்லை. இது இந்த நாட்டில் குறி சொல்லி வாங்கியது, அது அந்த நாட்டில் வாங்கியது என்று கணக்கு ஒப்பிக்கிறாள். சந்தேகத்தையும் ஆசையையும் ஒரே மூச்சில் வைத்து ஒரு புருஷன் இத்தனை அழகாகக் குறுக்கு விசாரணை செய்ததைத் தமிழில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மாளிகைக் காதலுக்குப் பாதிப் புத்தகம், மரத்தடிக் காதலுக்கு மீதிப் புத்தகம். உயிர் இருப்பது மீதியில். கவிராயர் எந்தக் கட்சி என்று இதற்கு மேலும் சொல்ல வேண்டுமா?

மீசை வளர்ப்பவர், புளியங்குடி: ஜமீன்தார்கள் ஏன் அவ்வளவு பெரிய மீசை வைத்திருந்தார்கள்?

கடன் கொடுத்தவருக்கு முகம் அடையாளம் தெரியக் கூடாதென்று.

வருவாய்த்துறை ஊழியர், தென்காசி: மேற்படி கவிராயருக்கு அரசாங்கத்தில் என்ன கிடைத்தது?

உங்கள் துறைக்குரிய கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். நிலம் கிடைத்தது. மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் மானியமாக விட்டது. அந்த இடத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர்.

கொடுத்தவர் வீட்டுக் கதை கேட்டால் மனசு கனக்கும். 1732-இல் அவர் பிள்ளையில்லாமல் இறந்தார். ராணி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். பங்காளி பங்காரு திருமலை தன் மகனையே ராணிக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் தனக்கே பட்டம் வேண்டும் என்று மல்லுக்கு நின்றார். பஞ்சாயத்துக்கு ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து சந்தா சாகிப் வந்தார். குரானின் மேல் சத்தியம் செய்து ராணியைக் காப்பதாக வாக்குக் கொடுத்தார் என்றும், பட்டுத்துணிக்குள் இருந்தது குரானல்ல, செங்கல் என்றும் கதை. ராணி நம்பிக் கதவைத் திறந்தார். கடைசியில் நஞ்சுண்டு இறந்தார். இருநூறு வருஷ நாயக்கர் ராஜ்ஜியம் அத்தோடு சரி. பாட்டுக்குக் கொடுத்த மேட்டு நிலத்தின் பெயரோ இன்னும் சொல்லப்படுகிறது. பங்காளியை வீட்டுக்குள் சேர்ப்பதாக இருந்தால் துணியைப் பிரித்துப் பாருங்கள் ஐயா.

மதுரைக்காரர், மதுரையிலிருந்தே: பாண்டியர் என்றாலே மதுரைதான். தென்காசிக்கு என்ன பெருமை?

வருடத்துக்கு நாலு மதுரைக்காரர்கள் இதைக் கேட்கிறார்கள். நானும் நாலு தடவை இரத்த அழுத்த மாத்திரை போடுகிறேன். நீங்கள் கைவிட்ட பாண்டியரை இருநூறு வருஷத்துக்கு மேல் வைத்துச் சோறு போட்டது நாங்கள். அவர்களில் ஸ்ரீவல்லபன் என்றொருவர். திருவிதாங்கூர்க்காரரிடம் இழந்த நிலம் 1530-களில் விஜயநகரத்து அச்சுததேவராயர் படை வந்த பிறகுதான் மீண்டது. பாண்டியர் வீட்டுப் பெண்ணை அச்சுதராயர் மணந்துகொண்டார். பெண்ணைக் கொடுத்து மண்ணை வாங்கியதென்று நானாகச் சொல்லமாட்டேன். ஆனால் ஸ்ரீவல்லபன் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டத்தைக் கேளுங்கள்: ‘இறந்தகாலம் எடுத்தவன்’. மண்ணை மீட்டவன், மானத்தை மீட்டவன் என்று ஊரில் எத்தனையோ பேர் உண்டு. போன காலத்தையே திருப்பிக்கொண்டுவந்தேன் என்று மெய்க்கீர்த்தி பாட வைத்தவர் ஒருவர்தான். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமை. நான் 1978-ஐ மட்டும் எடுத்தால் போதும் என்றிருக்கிறேன்.

பரோட்டா ரசிகர், கோவில்பட்டி: செங்கோட்டைப் பக்கத்துப் பரோட்டா ஏன் அவ்வளவு ருசி?

குளித்துவிட்டுப் பசியோடு போகிறீர்கள். வீட்டிலும் குளித்துவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு மாமியார், இலஞ்சி: டிவி தொடரில் மாமியார்கள் சொத்துக்காகப் பிள்ளைகளைச் சண்டைக்கு மூட்டிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் இப்படி உண்டா?

உண்டு, ஆனால் எதிர்ப்புறமாக. மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்தார். ஆள்வது அண்ணன் தம்பி ஐந்து பேர் என்று எழுதிவைத்திருக்கிறார். அவர்கள் வாளை உருவிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் தாய் நடுவே வந்து, உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துவிட்டுச் சாவேன் என்று கத்தியைக் கையில் எடுப்பாளாம். வாள்கள் உறைக்குப் போய்விடும். அவள் கண்மூடிய அன்று இவர்கள் ஒருவரையொருவர் அழிப்பது உறுதி என்றும் போலோ எழுதுகிறார். முத்து வியாபாரம் பார்க்க வந்தவர் வீட்டு விவகாரத்தையும் சரியாகத்தான் கணித்திருக்கிறார். அடுத்த தலைமுறையில் சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் பட்டத்துக்கு அடித்துக்கொண்டார்கள். 1311-இல் மாலிக் கபூர் படை உள்ளே வந்துவிட்டது. இந்தத் தாயை வைத்துத் தொடர் எடுத்தால் நானும் பார்ப்பேன். எடுக்கமாட்டார்கள்; நாலு நாளில் கதை முடிந்துபோகுமே.

எழுத்தாளர், ஆலங்குளம்: என் கதைகளை முதலில் மனைவியிடம் காட்டுகிறேன். அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாள். என்ன செய்யலாம்?

நன்றி சொல்லலாம். இந்த வியாதி ராஜாவுக்கே வந்திருக்கிறது அண்ணாச்சி. உட்காருங்கள், விளக்கமாகச் சொல்கிறேன்.

அதிவீரராம பாண்டியர் 1564-இல் தென்காசியில் பட்டத்துக்கு வந்தார். மதுரையில் நாயக்கர்கள் நிலைத்துவிட்ட காலம். பாண்டியருக்குப் பெயர் பெரிசு, வேலை சிறிசு. கப்பம் கட்டிய பிறகு கையில் நேரம் ஏராளம். அந்த நேரத்தில் நளன்–தமயந்தி காதலை எடுத்து நைடதம் எழுதினார். புலவர்க்கு ஔடதம் என்று தமிழ்ப் புலவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் புத்தகம். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல வெற்றிவேற்கையும் இவர் எழுதியதுதான். பெரியவர்களுக்குக் காதல், சின்னவர்களுக்கு நீதி. நம் வீடுகளில் இப்போது தலைகீழாக நடக்கிறது.

கரிவலம்வந்தநல்லூரில் அண்ணன்முறை வரதுங்கராம பாண்டியர் இருந்தார். அவரும் பிரமோத்தர காண்டம் பாடிய புலவர். ஒரே வீட்டில் இரண்டு கவிஞர் என்றால் எப்படி இருக்கும்? இரண்டு மருமகளுக்கு ஓர் அம்மிக்கல். நைடதம் எழுதி முடித்ததும் அதிவீரராமர் சும்மா இருந்திருக்கலாம். அண்ணனுடைய அபிப்பிராயத்துக்கு அனுப்பிவைத்தார். ஏடு அண்ணியார் கைக்குப் போனது. அந்த அம்மாள் படிப்பாளி. படித்துவிட்டு, வேட்டை நாய் ஓடுவதைப் போல இருக்கிறது, தொடக்கத்தில் பாய்ச்சல், போகப் போக இளைப்பு என்று சொல்லிவிட்டாராம்.

பாராட்டா, குட்டா? நம்ம ராஜா குட்டு என்றுதான் எடுத்துக்கொண்டார். படையைத் திரட்டிக்கொண்டு கரிவலத்துக்குப் புறப்பட்டார் என்று கதை. புத்தக விமர்சனத்துக்குப் படையெடுத்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும். இப்போதைய எழுத்தாளர்கள் முகநூலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிறகு சமாதானம் ஆகிவிட்டதென்றும் கதை முடிகிறது. நடந்ததா, புலவர்கள் கட்டிவிட்டதா என்று கல்வெட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் நைடதத்தை இரண்டு தடவை வாசித்தவன். சுயம்வரம் வரை காலில் சக்கரம். கல்யாணம் முடிந்து, சூதாடி, நாடிழந்து, காட்டுக்குப் போகிற இடங்களில் எனக்கும் மூச்சு வாங்கியது. அண்ணியார் பக்கம்தான் என் ஓட்டு. வருத்தம் என்னவென்றால், ஒரு காவியத்தை ஓர் உவமையில் எடைபோட்ட அந்த அம்மாளுடைய பெயர் நமக்கு வந்து சேரவில்லை. கோபித்துக்கொண்டவருடைய பெயர் மட்டும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

வரதுங்கருக்குப் பிள்ளையில்லை. அதனால் வருஷா வருஷம் அவருக்குத் திதி கொடுப்பது கரிவலத்துப் பால்வண்ணநாதரே என்று அந்த ஊரில் சொல்வார்கள். அந்தத் தம்பி கொடுத்தாரா என்று யாரும் சொல்லவில்லை.

உங்கள் மனைவி சொன்ன அந்த ஒரு வார்த்தை என்ன என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி: ஜமீன் பட்டம் யாருக்கு? மூத்த தாரத்து மகனுக்கா, முதலில் பிறந்த மகனுக்கா?

இந்த ஒரு கேள்வியால் நம் ஜில்லாவில் மூன்று தலைமுறை வக்கீல்கள் மாடி வீடு கட்டினார்கள். ஊர்க்காடு ஜமீன் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. எங்கள் குல வழக்கம் இது என்று வாயால் சொன்னால் போதாது, அது பழமையானது, மாறாதது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்று 1872-இல் தீர்ப்பு. இன்றைக்கும் அதை வக்கீல்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒரு பங்காளிச் சண்டை தேம்ஸ் நதிக்கரையில் போய்ச் சட்டமானது.

அதே மாணவர், அதே கடிதம்: நியூயிங்டன் கொலையைப் பற்றிச் சொல்ல முடியுமா?

ஒரு தபால்தலையில் இரண்டு கேள்வி. வக்கீலாக நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள். தகப்பன் இல்லாத ஜமீன் வாரிசுகளைச் சென்னையில் நியூயிங்டன் மாளிகையில் வைத்து வெள்ளைக்காரர்கள் படிக்க வைத்தார்கள். டென்னிஸ், குதிரை, இங்கிலீஷ். 1919 அக்டோபரில் ஓர் இரவு முதல்வர் டி லா ஹே தூக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நம் பக்கத்துப் பையன்கள் இருவர் சிக்கினார்கள்: கடம்பூர்ப் பையன் குற்றவாளிக் கூண்டில், சிங்கம்பட்டிப் பையன் அப்ரூவர். வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாறி, விடுதலையில் முடிந்தது. ஏன் கொன்றார்கள் என்பதற்கு ஊரில் பல பதில் உண்டு. முதல்வரின் மனைவியை இழுத்துச் சொல்வதுதான் அதிகம். கோர்ட்டில் நிற்காததை நான் இங்கே நிறுத்தமாட்டேன். சிங்கம்பட்டி 1929-இல் மாஞ்சோலைக் காட்டில் 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு பம்பாய் பர்மா கம்பெனிக்கு விட்டது. வழக்குச் செலவுதான் காரணம் என்பது திண்ணைத் தீர்ப்பு.

நியாயவாதி, சுரண்டை: ஜமீன்தார்களில் உருப்படியாக ஒருவர்கூட இல்லையா? எப்போதும் கேலிதானா?

உண்டு. வீரகேரளம்புதூரில் இருந்த ஊற்றுமலை ஜமீன் இருதயாலய மருதப்பத் தேவர். அவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனபோது வழிநடைக்குப் பாடச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கட்டியதுதான் காவடிச்சிந்து. ரெட்டியார் முப்பது வயதுகூட நிறையாமல் போய்விட்டார். ஜமீன் ஒழிந்தது, பட்டம் ஒழிந்தது. தைப்பூசத்துக்குச் சிந்து ஒழியவில்லை. ஊற்றுமலையாருக்கு மட்டும் மீசை மன்னிக்கப்படுகிறது.

தம்பி, ஊர் வேண்டாம்: நானும் அண்ணனும் பேசிப் பதினொரு வருஷம். கிணற்றுப் பங்கு, பாதை. உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம்.

சிரிப்பாக இல்லை.

தென்காசிக் கோயிலை 1446-இல் பராக்கிரம பாண்டியர் தொடங்கினார். கோபுர வேலை முடிவதற்குள் அவர் காலம் முடிந்தது. மேற்கொண்டு முடித்தவர் தம்பி குலசேகரன். பராக்கிரமர் பாட்டாகக் கல்லில் வெட்டி வைத்திருப்பதைப் போய்ப் பாருங்கள். இந்தக் கோயில் பழுதுபட்டால் எடுத்துச் செப்பனிடுகிறவர் யாரானாலும் அவர் பாதத்தில் விழுகிறேன் என்கிறார். எதிரியாக இருந்தாலும்தான். அந்த வேண்டுகோள் வீண்போகவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் தீயில் சிதைந்த கோபுரத்தைப் பிளந்த நிலையில்தான் நான் சிறுவயதில் பார்த்தேன். ஒன்பது நிலையும் எழுந்து 1990-இல் குடமுழுக்கு நடந்தது.

என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு தென்னை மரத்துக்காகப் பதினாறு வருஷம் பேசவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் அப்பா குடையைச் சாய்த்துக்கொள்வார், வெயில் இல்லாவிட்டாலும். சித்தப்பா இறந்த அன்று காலையில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். செருப்பை எந்தப் பக்கம் விடுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் தம்பி வீட்டில் செருப்பு விடும் இடமே மறந்துபோயிருந்தது. கையில் எடுத்துக்கொண்டே உள்ளே போனார்.

வக்கீலை விட்டுவிடுங்கள். கிணற்றில் மோட்டார் ரிப்பேர், வந்து பார்க்கிறாயா என்று ஒரு வாக்கியம் போதும். மோட்டார் ரிப்பேராக இல்லாவிட்டால் ஆக்கிக்கொள்ளுங்கள்.

சீசன் விசாரிப்பவர், சென்னை (மறுபடியும்): கேலி வேண்டாம். தண்ணீர் விழுகிறதா, இல்லையா?

விழுகிறது ஐயா. ஆனால் உங்களுக்கு முன்னால் வரிசையில் முந்நூறு பேர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் மதுரைக்காரர்கள்.