சில்லு வள்ளல்கள் வாழ்க

அமிர்தியில் இருந்துகொண்டு லினக்ஸுக்கென்று மடிக்கணினி வாங்கப்போகிறவர் கொடுத்துவைத்தவர். 25 கிலோமீட்டர் பஸ்ஸில் வேலூர் போய் வந்தால் போதும். மீதியைச் சில்லு செய்கிற புண்ணியவான்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வைஃபையில் தொடங்குகிறது அவர்களின் கருணை. பல வைஃபை சில்லுகளுக்கு ஃபர்ம்வேர் என்ற சிறு நிரலை ஏற்றினால்தான் உயிர் வரும். அதைச் சில்லிலேயே பதித்துக் கொடுத்தால் செலவு. இணையத்தில் வைத்தால் மிச்சம். ஆகவே இணையம் கிடைக்க வேண்டுமானால் முதலில் இணையத்துக்குப் போய் அதை இறக்கிவர வேண்டும். இதில் குறை காண்பவர்கள் வேதாந்தம் அறியாதவர்கள். கேபிள் செருகலாமே என்றால், நம் தோள்பை கனக்கக் கூடாதென்று அந்தத் துளையையும் எடுத்துவிட்டார்கள். இடையில் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை வெளியிடுகிறவர்கள்தான் 2022-இல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பின் நிறுவியிலேயே அந்தக் கோப்புகளைச் சேர்த்து, யாத்திரைப் பலனைக் கெடுத்தார்கள்.

அமிர்தி விலங்குப் பூங்காவில் கூண்டுக்குக் கூண்டு பலகை மாட்டி, உள்ளே இருப்பது இன்ன பிராணி என்று சொல்லிவிடுகிறார்கள். யூகிக்கும் இன்பமே போச்சு! டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யூஎஸ்பி வைஃபை குச்சியில் அந்தக் குறை கிடையாது. முதல் பதிப்பில் ஏதெராஸ் சில்லு இருந்தது; லினக்ஸில் செருகியதும் பேசாமல் வேலை செய்தது. அதில் என்ன சுவாரஸ்யம்? இரண்டாம் பதிப்பில் அதே பெயருக்குள் ரியல்டெக் சில்லை வைத்தார்கள். பெட்டியில் எங்கோ இருக்கும் 'வி2' என்ற பொடி எழுத்தைத் தேடுகிறவருக்குக் கண்பயிற்சி இலவசம்.

வரைகலைச் சில்லு செய்யும் என்விடியாவின் தன்னடக்கம் தனி ரகம். தன் சில்லின் மகிமையை வெளியே சொல்லிப் பெருமைப்படாத பண்பை மெச்சித்தான் 2012-இல் பின்லாந்து மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் நடுவிரலைக் காட்டினார். பத்தே ஆண்டில் மனமிரங்கி, டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்துவிட்டார்கள், புதிய கார்டுகளுக்கு மட்டும். பழைய கார்டுக்காரர்களின் பொறுமையைக் கலைக்க மனம் வரவில்லை போலும்.

இத்தனை நன்மையையும் உதறிவிட்டு, பென்டிரைவில் லினக்ஸைக் கொண்டுபோய், கடையிலேயே கணினியைக் கிளப்பி, வைஃபை எடுக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பார்த்து வாங்கத் துடிக்கும் நன்றிகெட்டவர்களும் இருக்கிறார்கள். நல்லவேளையாகக் கடைக்காரர் விடுவதில்லை. "சீல் உடைச்சா நீங்கதான் எடுத்துக்கணும் சார், முதல்ல பணத்தைக் கட்டிடுங்க" என்பார், பரிவோடு.