சிந்தினது போக

பிள்ளை சாப்பிட்டு முடித்த நிமிஷமே மாப்பிள்ளை தரையில் இறங்கிவிடுவார். "யாரும் நடக்காதீங்க!" என்று ஒரு சத்தம். நடுவீட்டில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். தண்ணீர்ச் செம்போடு வந்த மாமனார் வாசற்படியிலேயே ஒற்றைக் காலில் நிற்பார்.

உயர நாற்காலிக்கு அடியில் நீலத் தார்ப்பாய் விரித்திருக்கும். அதில் அரை டவுசரோடு முட்டி போட்டுப் பொறுக்க ஆரம்பிப்பார். வைத்தது மூன்று துண்டு கேரட். ஒவ்வொன்றும் பெரியவர்கள் சுண்டுவிரல் நீளம். ஆவியில் வெந்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்குகிற பதம். இப்போது கிடைப்பது: கழுத்தில் கட்டிய சிலிக்கோன் பிப்பின் பையில் ஒரு முனை, தொடையிடுக்கில் ஒரு சில்லு, காதுக்குப் பின்னால் ஒரு பூச்சு, மிச்சம் தார்ப்பாயில். எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் பொருத்தி மறுபடியும் கேரட்டாக்கிப் பார்ப்பார். எங்கே ஒட்டவில்லையோ அதுதான் பிள்ளை தின்றது.

"இன்னைக்கு அரை இஞ்ச் உள்ள போயிருக்கு" என்று அறிவிப்பார். போனில் அதற்கென்று ஒரு அட்டவணை உண்டு. தேதி, வேளை, வைத்தது, சிந்தினது, வித்தியாசம்.

மாமியாருக்குப் போடியில் ஏலக்காய் பொறுக்கும் வேலையில் பல வருஷப் பழக்கம். மாப்பிள்ளையிடம் நேராகப் பேச மாட்டார். மகளிடம் சொல்வதுபோல ஊருக்கே கேட்கச் சொல்வார்: "ஏத்தா, எட்டு மில்லி சல்லடையில நின்ன காயக்கூட நாங்க இம்புட்டு உத்துப் பாத்ததில்ல தாயி."

போடி–தேவாரம் சாலையில் ராசிங்காபுரத்தில் பஸ் ஏறினால் இந்த மாதிரி மாப்பிள்ளை ஒருவராவது கண்ணில் படுவார். வேலை சென்னையிலோ பெங்களூரிலோ. பெண்டாட்டி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருப்பாள். பிள்ளைக்கு ஆறு மாதம் முடிகிறபோது இவர் பாதி லீவும் பாதி லேப்டாப் வேலையுமாக வந்து சேர்வார். 2023 ஜூனில் சென்னையிலிருந்து போடிக்கு நேர் ரயில் வந்ததில் ஊருக்குப் பல நன்மை. அந்த நாற்காலியும் அதில்தான் வந்து இறங்கியது.

கொள்கையில் குற்றம் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் குழந்தை வளர்ப்புச் செவிலியராக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த கில் ராப்லி பரப்பிய முறை இது. 2008-இல் ட்ரேசி மர்கெட் என்பவரோடு சேர்ந்து புத்தகமும் எழுதினார். பேபி லெட் வீனிங் என்று பெயர். நம் மாப்பிள்ளை வாயில் பி.எல்.டபிள்யூ. கரண்டி கிடையாது, மசியல் கிடையாது, ஊட்டல் கிடையாது. ஆறு மாதம் முடிந்து நிமிர்ந்து உட்கார்கிற பிள்ளையின் முன்னால் பதமான துண்டுகளை வைத்துவிட வேண்டும். அந்த வயதில் பிள்ளை விரல் நுனியால் எடுக்காது, உள்ளங்கையோடு அள்ளிப் பிடிக்கும். பிடிக்குள் இருப்பதைத் தின்னத் தெரியாது, பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் சப்பும். அதனால்தான் விரல் நீளம். எதை எடுப்பது, எவ்வளவு தின்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் பிள்ளையின் இஷ்டம். பெரியவர்கள் வேலை நல்லதாக வைப்பது, பக்கத்தில் உட்கார்வது, பிள்ளையை நம்புவது. அளவைப் பார்த்துக் கவலைப்படாதே என்பதுதான் இந்த முறையின் உயிரே.

நம்பிக்கை வைத்தவர் அட்டவணை போடுவாரா? இந்த மாப்பிள்ளை போடுவார்.

கணக்கில் அவருக்கு வந்த முதல் சோதனை கோழி. இட்லி வைத்த நாளன்று, கதவு சாத்தாத நேரம் பார்த்து, முற்றத்துக் கோழி தார்ப்பாய்க்குள் புகுந்து நாலு கொத்து கொத்திவிட்டது. பிள்ளை கைகொட்டிச் சிரித்தது. மாப்பிள்ளைக்கு முகம் செத்துப்போயிற்று. கோழி தின்றதைச் சிந்தினதில் எழுதுவதா, உள்ளே போனதில் எழுதுவதா? இரண்டிலும் எழுத முடியாது. அன்றைய கட்டத்தில் 'கோழி' என்றே போட்டுவைத்தார்.

இரண்டாவது சோதனை இன்னும் பெரிது. மறுநாள் டயப்பரைப் பிரித்தால், முந்தின நாள் கேரட் போன நிறத்திலேயே, கிட்டத்தட்டப் போன உருவத்திலேயே திரும்பி வந்திருந்தது. இது வழக்கம்தான். பல் இல்லாத ஈறு நசுக்கி அனுப்புவதில் கொஞ்சம் அப்படியே வெளியேறும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கணக்கு எழுதுகிறவருக்கு இது வரவா செலவா? பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார், மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினார். பால் ஊற்ற வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு பேசாமல் போனார். முந்தின நாள் எழுதின அரை இஞ்ச் அன்று கால் இஞ்சாகத் திருத்தப்பட்டது.

இவருக்கு ஒரு முன்னோடி உண்டு. 1920-களில் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர், தாய்ப்பால் மறந்த பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்துத் தின்றால் என்ன ஆகும் என்று பார்க்க ஆரம்பித்தார். அப்படி வைத்துப் பார்த்தவை 15 பிள்ளைகள். முன்னால் விதவிதமான உணவு. பக்கத்தில் ஒரு நர்ஸ் கையில் கரண்டியோடு வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார். பிள்ளை கையை நீட்டினால்தான் கொடுக்கலாம். "இன்னும் ஒரு வாய்" என்று சொல்ல அனுமதி இல்லை. (நம் ஊரில் இந்த வேலைக்கு ஆள் கிடைக்காது.) சுமார் 36,000 வேளைச் சாப்பாட்டுக்குக் கணக்கு எழுதினார்கள். ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு பிள்ளை, முன்னால் வைத்த மீன் எண்ணெயைத் தானாகவே குடித்து வந்தது. குணமானதும் அதைச் சீண்டவில்லை. பிள்ளைகள் எல்லாம் நன்றாகவே வளர்ந்தன. ஆனால் வைத்த பட்டியலில் சர்க்கரையோ பலகாரமோ இல்லை; ஈரல், எலும்பு மஜ்ஜை, முட்டை, பழம் மாதிரியானவைதான் இருந்தன. எதை எடுத்தாலும் நல்லது என்கிற தட்டில்தான் பிள்ளைக்குச் சுதந்திரம் கொடுத்தார். டேவிஸே இதைத்தான் சூட்சுமம் என்று சொன்னார்.

மாப்பிள்ளை கோட்டை விடுகிற இடமும் இதுதான். எண்ணுவதெல்லாம் கேரட்டை. ஆறு மாதத்தில் பிள்ளைக்கு முதலில் குறைகிற சரக்கு இரும்புச்சத்து; தாயிடமிருந்து கொண்டுவந்த இருப்பு அப்போதுதான் தீர்ந்துபோகும், தாய்ப்பாலில் வருகிற இரும்பு காணாது. அவித்த கேரட்டில் இரும்பு பேருக்குத்தான் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முட்டை, மசித்த ஈரல், பருப்பு, கீரை என்று வைத்திருந்தால் அந்த அரை இஞ்சுக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். அரசாங்கம் கொடுக்கிற இரும்புச்சத்து மருந்து வாரம் இரண்டு தடவை, தடவைக்கு ஒரு மில்லி. ஏற்கெனவே அளந்து வருவதாலோ என்னவோ அதில் அவருக்குச் சுவாரஸ்யம் இல்லை. அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவுப் பொட்டலத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, "வெல்லம் இருக்கு" என்று பரணில் ஏற்றிவிட்டார்.

எல்லாவற்றிலும் அவர் தப்பு என்று சொன்னால் பாவம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையில் மாமனார் ஒரு கிலோ வாங்கிவந்து பேரன் வாயில் ஒன்றை முழுசாகப் போடப் போனபோது, பாய்ந்து தடுத்தார். உருண்டையான வழுக்கல் பழம் மூச்சுக்குழாயைக் கச்சிதமாக அடைத்துவிடும். நீளவாக்கில் நாலாக வகுந்து, கொட்டை எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். தேன் நாக்கில் தடவ வந்த பக்கத்து வீட்டுக்காரம்மாவையும் திருப்பி அனுப்பினார். ஒரு வயது வரை தேன் கூடாது, அதில் பொட்டுலிசம் கிருமியின் வித்து இருக்கலாம் என்பதும் சரிதான். அந்தம்மா இன்னும் பேசுவதில்லை.

பிள்ளை ஓங்கரிக்கும்போது மட்டும் அவர் வேறு ஆள். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, 'க்ஹே' என்று சத்தத்தோடு துண்டு வெளியே வரும். வீடே "ஆத்தி!" என்று எழும்பும். இவர் டிராபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டுவார்: "சத்தம் வருதுல்ல, பயமில்ல. சத்தமே வரலைன்னாத்தான் பயப்படணும்." சொல்வது உண்மை. ஆறு மாதப் பிள்ளைக்கு ஓங்கரிப்பைக் கிளப்பும் இடம் நாக்கில் முன்பக்கமாகவே இருக்கிறது. துண்டு தொண்டைக்குப் போகுமுன்பே தள்ளிவிடும். நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்விலும், பெற்றோருக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்து இப்படிச் சாப்பிடவிட்ட பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாக அடைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அடைத்துவிட்டால் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து என்று வகுப்புக்குப் போய்க் கற்றுவந்திருக்கிறார். காட்டுகிற கை மட்டும் லேசாக நடுங்கும். அந்த நேரத்தில் அவர் மீது கோபப்பட யாருக்கும் மனசு வராது.

கோபம் அடுத்த நிமிஷம் வந்துவிடும், தார்ப்பாயைப் பார்த்ததும்.

பொறுக்குவது அவர், கழுவுவது அவர் இல்லை. கணக்கு முடிந்ததும் தட்டை அப்படியே வைத்துவிட்டு லேப்டாப்புக்குப் போய்விடுவார். நாற்காலியின் வார்ப்பட்டை இடுக்கில் காய்ந்த இட்லியை ஊசியால் குத்தி எடுப்பது பெண்டாட்டி. தார்ப்பாயை மோட்டார் தொட்டியடியில் தேய்ப்பது மாமியார். வேளைக்கு முக்கால் மணி நேரம் பிள்ளை தின்ன, இன்னொரு முக்கால் மணி நேரம் வீடு மீள. அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை. அதே தெருவில் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். 26 வாரப் பேறுகால விடுப்பு என்று 2017-இல் சட்டம் திருத்தினார்கள். தினக்கூலிக்காரிக்கு அது எட்டவில்லை. அவள் பிள்ளைக்கு யார் முக்கால் மணி நேரம் முன்னால் உட்காருவது? மாப்பிள்ளை ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து, "எல்லாருமே இப்படிப் பழக்கலாம், செலவே இல்ல" என்று சொன்னார். அவர் குடித்து வைத்த காபி டம்ளரை மாமியார் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆனால் பிள்ளை எடை கூடிக்கொண்டே வந்தது. அங்கன்வாடித் தராசில் மாதாமாதம் முள் ஏறியது. நாளைக்குக் கால் இஞ்ச் கேரட்டும் தாய்ப்பாலும் தின்று பிள்ளை இப்படித் தேறுகிறதே என்று மாப்பிள்ளைக்குப் பூரிப்பு. "பாத்தீங்களா அத்தை, அவனுக்குத் தெரியும் எவ்வளவு வேணும்னு."

அத்தைக்கும் தெரியும். காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை காதில் ஹெட்போனை மாட்டி மீட்டிங்கில் உட்கார்ந்தால் பதினொன்றரை வரை பூமி அதிர்ந்தாலும் எழுந்திருக்க மாட்டார். கொல்லையில் முருங்கை மரத்தடியில் மாமியார், அதாவது பிள்ளையின் அம்மாச்சி, கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். ராத்திரி ஊறின கேப்பையை அரைத்து, வெள்ளைத் துணியில் பால் பிழிந்து, கட்டியில்லாமல் கிண்டின கூழ். ஒருநாள் பருப்பும் கீரையும் கடைந்தது, ஒருநாள் முட்டை மஞ்சள் கரு. உள்ளங்கையில் ஆறவைத்து ஆள்காட்டி விரலால் வழித்து ஊட்டுவார். பிள்ளை தலையைத் திருப்பினால் விட்டுவிடுவார், கட்டாயம் கிடையாது. பசிக்குறி பார்த்துக் கொடு, வேண்டாமென்றால் நிறுத்து என்று உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது. அம்மாச்சிக்கு அந்த நிறுவனத்தோடு பழக்கமில்லை. பெண்டாட்டிக்குத் தெரியும், மாமனாருக்குத் தெரியும், பால்காரருக்கும் தெரியும்.

மாப்பிள்ளைக்குத் தெரியாதா என்பதில்தான் சந்தேகம். ஒருநாள் மீட்டிங் முடிந்து வந்து பிள்ளையைத் தூக்கினவர், கழுத்து மடிப்பில் கேப்பை நிறத்தில் ஒரு கோடு கண்டார். துண்டால் துடைத்தார். அன்றைய கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. மறுநாளிலிருந்து பத்து மணி மீட்டிங் பன்னிரண்டு வரை நீண்டது.

லீவு முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார். தினமும் சாயங்காலம் வீடியோ கால் வரும். பிள்ளை முகத்தை ஒரு நிமிஷம் கொஞ்சிவிட்டு, "சரி, போனைக் கீழ திருப்பு, தார்ப்பாயைப் பாக்கணும்" என்பார். அதனால் இப்போதெல்லாம் கால் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அம்மாச்சி ஒரு துண்டு கேரட்டை எடுத்து, முக்கால்வாசியை உதிர்த்துத் தார்ப்பாயில் அங்கங்கே தூவிவைக்கிறார். மிச்சத்தைத் தன் வாயில் போட்டுக்கொள்கிறார்.

"இன்னைக்குக் கால் இஞ்ச்சா?" என்று போனில் கேட்கிறது.

"ஆமாங்க மாப்ள," என்கிறார் அம்மாச்சி, மென்றுகொண்டே.