சரிபார்க்கப்பட்டதாம்!

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, நிர்வாகம் வளாகத்துக்குள் கட்டிவைத்திருக்கும் பிள்ளையார் கோயில். மற்றது டிஎஸ்பி என்கிற டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங் லேப். பிள்ளையாரையாவது சுற்றி வரலாம், தோப்புக்கரணம் போடலாம். டிஎஸ்பி லேபில் கண்ணாடி அலமாரிக்குள் கொலு பொம்மைபோல வரிசைகட்டி உட்கார்ந்திருக்கும் கிட்டுகளை எட்ட நின்றுதான் தரிசிக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு அலமாரி திறக்கும். சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, மறுநாள் பூட்டிவிடுவார்கள். நொடிக்கு 22 கோடியே 50 லட்சம் துடிப்பில் ஓடப் பிறந்த டிஎம்எஸ்320சி6713 சிப்புக்கு நம் ஊரில் வாய்த்த உத்தியோகம் அதுதான்.

பாடத்திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 30 மாணவர் கொண்ட ஒரு பேட்சுக்கு டிஎஸ்பி கிட்டோடு 15 கணினி, 15 சிக்னல் ஜெனரேட்டர், 15 சிஆர்ஓ, இரண்டு பேருக்கு ஒரு செட் என்று அண்ணா பல்கலைக்கழகம் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. காகிதத்தில் இதைவிட நேர்த்தியான லேப் கிடையாது. நேரில் போனால், ஓடுகிற கிட்டை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். அதுவும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி இருந்தால்தான் வாய் திறக்கும். எக்ஸ்பியை மைக்ரோசாஃப்டே 2014இல் கைகழுவிவிட்டது. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் மட்டும் இன்னும் கைவிடவில்லை. ஸ்டாக் ரெஜிஸ்டர் அவர் பெயரில் இருக்கிறது, பாவம். கிட் புகைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள், மாணவனுக்கு நோ டியூ கிடைக்காது. ஆகவே யாரும் தொடாமல் இருப்பதே எல்லாருக்கும் நல்லது என்று ஒரு சமரசம் பிறக்கிறது.

அப்படியானால் செமஸ்டர் முழுக்க என்ன நடக்கிறது? ரெக்கார்டு எழுதுகிறார்கள். 'டிஎஸ்பி பிராசஸரின் கட்டமைப்பை அறிதல்' என்றொரு பரிசோதனை. சிப்பைத் தொடாமல் அதன் கட்டப்படத்தைப் பென்சிலால் வரைந்தால் பரிசோதனை முடிந்தது. அடுத்து ஃபில்டர். சீனியரின் மேட்லேப் புரோகிராம் பென்டிரைவில் வரும். பென்டிரைவோடு வைரஸும் வரும். அதை ஓட்டி, வந்த வளைகோட்டைப் பிரிண்ட் எடுத்து ஒட்டினால் எய்ம், அல்காரிதம், புரோகிராம் எல்லாம் நிறைவேறிவிடும். கடைசியில் ரிசல்ட்: 'தஸ்… வாஸ் வெரிஃபைட்.' இவ்வாறாகச் சரிபார்க்கப்பட்டது! பெரும்பாலும் இந்த வரியைத்தான் பையன் முதலில் எழுதுகிறான். லேபுக்கு வருமுன்னே, ஹாஸ்டல் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு. பேராசிரியர் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுகிறார். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவதும், அப்படி எழுதியதைப் படிக்காமல் ஒப்புக்கொள்வதும் இந்த லேபில் நன்றாகவே கற்றுத்தரப்படுகின்றன. செய்முறைப் பயிற்சி இல்லை என்று யார் சொன்னது?

அந்தப் பிள்ளையிடமிருந்து எதைத் திருடியிருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு ஒரு இஎஸ்பி32 போர்டு கிடைக்கிறது. அனலாக்கை 12 பிட் டிஜிட்டலாக மாற்றும் வசதியும், 8 பிட்டில் திருப்பி அனலாக்காக்கும் வசதியும் அதற்குள்ளேயே உண்டு. நுழைவாயிலில் முன்ஃபில்டர் எதுவும் வைக்காமல், நொடிக்கு 8000 சாம்பிள் எடுக்கச் சொல்லிவிட்டு, ஜெனரேட்டரின் திருகை மெல்லத் திருப்புங்கள். ஸ்பீக்கரில் சுருதி ஏறும். 1000, 2000, 3000 ஹெர்ட்ஸ்… 4000ஐத் தாண்டியதும், நீங்கள் திருகை ஏற்ற ஏற்ற, சுருதி இறங்கும்! 7000 கொடுத்தால் காதில் விழுவது 1000. 8000 கொடுத்தால் சத்தமே அடங்கிப்போகும். உச்ச அதிர்வெண்ணைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சாம்பிள் எடு என்று நைக்விஸ்ட் பெயரில் மனப்பாடம் செய்கிறார்களே, அந்த விதி ஏன் இருக்கிறது என்று காது அரை நிமிடத்தில் புரிந்துகொள்ளும். பதின்மூன்று மார்க் கேள்விக்கு நாலு பக்கம் எழுதினாலும் வராத புரிதல் அது.

அல்லது ஐஐஆர் ஃபில்டரின் எண்களை 16 பிட்டில் நறுக்கி, 16 பிட் கணக்கு மட்டுமே போடும் சிப்பில் ஏற்றுங்கள். மேட்லேபில் 64 பிட் சொகுசில் பவ்யமாக இருந்த அதே ஃபில்டர் சில சமயம் ஊளையிடும். கூட்டல் வரம்பு மீறி, மிகப்பெரிய நேரெண் திடீரென்று எதிரெண்ணாகக் கவிழும். தப்பு எங்கே என்று தேடும் அந்த ஒரு மதியத்தில்தான் ஒருவன் பொறியாளன் ஆகிறான். அந்த மதியத்தைத்தான் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிவைத்திருக்கிறோம்.

மேற்பார்வை இல்லையா? பேஷாக இருக்கிறது. ஆய்வுக் குழு வருஷத்துக்கு ஒருமுறை, முன்கூட்டியே தெரிந்த நாளில் வருகிறது. இதைச் சிக்னல் பாஷையிலேயே சொல்லலாம். ஒரு லேபின் நிலைமை வருஷம் முழுக்க ஏறி இறங்குகிறது. வருஷா வருஷம் அது உச்சத்தில் இருக்கும் நாளில் மட்டும் ஒரு சாம்பிள் எடுத்தால் என்ன தெரியும்? எந்த ஏற்ற இறக்கமும் இல்லாத ஒரு நேர்கோடு தெரியும். வர்ணம் பூசிய சுவர், மின்னும் கிட், தும்பைப் பூவாக வெள்ளைக் கோட்டு. குழு போன மறுநாள், அறக்கட்டளையின் அடுத்த கல்லூரிக்கு வேனில் கிளம்புகிற சிக்னல் ஜெனரேட்டரை அந்த நேர்கோடு காட்டாது. நைக்விஸ்ட் 1928இல் தந்தி அனுப்பும் வேகத்தைப் பற்றித்தான் கட்டுரை எழுதினார். நம் ஆய்வுக் குழுக்களைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு கட்டுரை எழுதியிருப்பார்.

கிட் மட்டுமா பயணம் போகிறது? ஒரே ஆசிரியர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஊழியராகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆதாரத்தோடு வெளியே கொண்டுவந்தது. பல்கலைக்கழகமும் முறைகேட்டை மறுக்க முடியாமல் விசாரணையில் இறங்கியது. குறைவாகச் சாம்பிள் எடுத்தால் இல்லாத அதிர்வெண் இருப்பதுபோலத் தோன்றும் என்ற பாடத்தை ஆளை வைத்தே நடத்திக்காட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் கல்லூரிகளின் செய்முறை விளக்கத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பிராக்டிகல் தேர்வு நாளுக்கு வருவோம். எக்ஸ்டர்னல் வந்திருக்கிறார். அவருக்கு ஏசி அறை, முறுகல் வடை, ஃபில்டர் காபி. அந்த வளாகத்தில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே ஃபில்டர் அது.

“நைக்விஸ்ட் ரேட் சொல்லும்மா.”

“டூ எஃப் மேக்ஸ், சார்.”

“குட். இந்த அவுட்புட் எங்க எடுத்தது?”

“சாஃப்ட்வேர்ல சார். கிட்ல போட்டுக் காட்டட்டுமா சார்?”

இன்டர்னல் முகத்தில் ஈயாடவில்லை. எக்ஸ்டர்னல் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். “வேணாம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு. நெக்ஸ்ட்!”

கேட்ட பெண்ணுக்கு ஒரு மார்க் குறையும். கேட்காமல் இருந்தவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். இப்படித்தான் கேள்வி கேட்கும் அதிர்வெண்ணை வெட்டி எறிந்துவிட்டு, மற்றதைக் கடத்திவிடுகிறது நம் தேர்வு முறை. அம்மாவின் காதில் கழுத்தில் கிடந்ததை அடகு வைத்து அவள் அப்பா கட்டிய ஃபீஸில் ‘லேப் கட்டணம்’ என்று தனியாக ஒரு வரி இருந்தது. அவள் தொடாத கிட்டுக்கு, அவள் கேட்காத ஓசைக்கு, பைசா குறையாமல் வசூலித்தார்கள். ரசீது பத்திரமாக இருக்கிறது.

பிறகு டிவி விவாதத்தில் கோட்டு போட்ட ஒருவர் வந்து, நம் பட்டதாரிகள் வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று வருத்தப்படுவார். பக்கத்தில் தாளாளர் உட்கார்ந்து தலையாட்டுவார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை சார், எப்பவும் மொபைல்தான் என்பார். அந்த மொபைலுக்குள் ஒவ்வொரு நொடியும் பேச்சைச் சாம்பிள் செய்து, இரைச்சலை வடிகட்டி, சுருக்கி அனுப்பிக்கொண்டிருப்பது அவர் பூட்டிவைத்திருக்கும் அதே டிஎஸ்பிதான் என்று அவருக்கு யார் சொல்வது? போனைக் கழற்றிப் பார்க்கலாம் என்றால் அதையும் வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது, வாட்ச்மேன் பிடுங்கிக்கொள்வார்.

இசிஇ படித்த அந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கேம்பஸில் கிடைப்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பொருத்தமானதுதான். ஓட்டிப் பார்க்காமலே ‘வெரிஃபைட்’ என்று எழுத நாலு வருஷம் முறையாகப் பயின்றவர்கள் அல்லவா? நெடுஞ்சாலையோரம் அவர்கள் படங்களைப் போட்டு ஃப்ளெக்ஸ் நிற்கிறது, நூறு சதவீத பிளேஸ்மென்ட் என்று. பக்கத்திலேயே புதிய ஏஐ லேப் திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவதாக இன்னொரு ஃப்ளெக்ஸ். உள்ளே தச்சர் கண்ணாடி பொருத்திக்கொண்டிருக்கிறார்.