பழைய மேசையின் உண்மையான வயது

கேள்வி: காரைக்குடியின் பழம்பொருள் கடையில் 200 ஆண்டுப் பழமையானது என்று சொல்லும் காபி மேசையை நம்பி வாங்கலாமா?

பதில்: மரத்துக்கு அந்த வயது இருக்கலாம், மேசைக்கு இருக்காது, சோபாவின் முன் போடப்படும் தாழ்வான காபி மேசை 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று என்பதால், பழைய செட்டிநாட்டு வீட்டின் பர்மாத் தேக்குக் கதவு கால் முளைத்து மேசையாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். வாங்குவோர் மேற்பலகையின் பளபளப்பில் மயங்காமல் மேசையைக் கவிழ்த்துப் பார்த்தால், கையால் இழைத்த பலகையின் மேடுபள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். வட்ட ரம்பத்தின் வளைகோடுகள் இயந்திர அறுப்பைக் காட்டும். தலையில் கூட்டல்குறிப் பள்ளமுள்ள திருகாணி 1930களுக்குப் பிந்தைய வேலையைச் சொல்லும். உயரம் சோபா இருக்கையை ஒட்டி 40 முதல் 45 செ.மீ. இருப்பது நலம். கதவு மேசையான கதையை மறைக்காத கடையிலேயே வாங்க வேண்டும்.