சிவ்ரியில் ஆறடி

தாராவியில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக வீடு இருந்தது. அந்த வீட்டுக்குப் பத்திரம் இருந்ததில்லை. சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழி இருந்தது. அதற்கு ரசீது இருந்தது. பம்பாயில் எங்கள் பெயருக்கு எழுதப்பட்ட முதல் இடம் அதுதான்.

தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியோடு மல்லுக்கட்டியவர். அவர் இறந்தபோது ஆச்சி காதில் கிடந்த பாம்படத்தை விற்று அந்த இடத்தை வாங்கினாள். "உசுரோட இருந்தப்ப யார் யார் இடத்துலயோ இருந்தாரு. இனிமேலாவது ஒருத்தன் வந்து எந்திரின்னு சொல்லக் கூடாது" என்றாளாம். அப்பா சொல்லிக் கேட்டது.

அந்தத் தோட்டத்துக்கு வயது சுமார் நூற்றறுபது. நகரின் முதல் முனிசிபல் கமிஷனர் ஆர்தர் கிராஃபோர்டு 1865இல் ஏற்படுத்தியது. அதற்கு முன்பு அந்த இடம் தாவரவியல் தோட்டத்துக்காக வேளாண் தோட்டக்கலைச் சங்கத்திடம் இருந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஐரோப்பியர்களின் கல்லறையாக்கினார்கள். சங்கத்துக்கு மஜ்காவ் பக்கம் மாற்று இடம் கொடுத்தார்கள். இன்று பைகுலாவில் குழந்தைகளோடு நாம் போகும் ராணி பாக் அதுதான். வெள்ளைக்காரர்களுக்கென்று திறந்த இடத்துக்குள் கோவாக்காரர்களும் மங்களூர்க்காரர்களும் பிறகு எங்களைப் போன்ற தாராவித் தமிழர்களும் இடம் பிடித்தோம்.

கல்லறைத் திருநாள் நவம்பர் 2. என் சிறுவயதில் அது எங்கள் வீட்டுக்குத் தீபாவளி, கிறிஸ்துமஸ் வரிசையில் வரும் நாள். முந்தின நாள் மாட்டுங்கா மார்க்கெட்டில் செவ்வந்திச் சரமும் துலுக்கச் சாமந்தியும் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைப்போம். விடிந்ததும் கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறினால் வடாலா, அடுத்தது சிவ்ரி. பெரியப்பா குடும்பம், அத்தைமார், அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு பெட்டியை நாங்களே அடைத்துக்கொள்வோம். குழியைச் சுற்றி நின்று ஜெபமாலை சொல்லுமுன் வேலை இருக்கும். மழைக்காலம் முடிந்த கல்லில் பாசி கருப்பாகப் பிடித்திருக்கும். தேங்காய் நாரும் தண்ணீரும்தான். சோப்புகூடப் போட ஆச்சி விடமாட்டாள். கல் விரிசலில் அரசங்கன்று எட்டிப் பார்த்தால் அப்பா உட்கார்ந்து, ஒரு கம்பியால் மண்ணைக் குடைந்து, வேரின் நுனிவரை போய் எடுப்பார். மேலே கிள்ளிவிட்டால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காக வரும் என்பார். அது உண்மைதான், அந்தத் தோட்டத்தில் பெரிய பெரிய பளிங்குகளைப் பிளந்தது கிள்ளி விடப்பட்ட கன்றுகளே.

எங்கள் கல்லில் பெயர் தமிழில் இருக்கிறது. வெட்டியவர் மராத்திக்காரர். அப்பா காகிதத்தில் எழுதிக் கொடுத்ததை ஒரு படத்தைப் பார்த்து வரைவதுபோல் வெட்டினார். 'ற'வின் வால் கொஞ்சம் அதிகமாக இறங்கிவிட்டது. அந்த எழுத்தை இப்போதும் விரலால் தடவிப் பார்ப்பேன். வேறு மொழிக்காரர் ஒருவர் எங்கள் தாத்தாவுக்காக அத்தனை கவனமாகக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

வேலை முடிந்ததும் பிள்ளைகள் நாங்கள் பழைய பகுதிக்கு ஓடுவோம். உடைந்த தேவதைகள், சாய்ந்த சிலுவைகள். ஈயம் வார்த்த எழுத்துகளை யாரோ பெயர்த்துக்கொண்டு போனதால் சில கற்களில் துளைகள் மட்டும் மிச்சம். பம்பாய்க்கு வந்த வெள்ளைக்காரனுக்கு ஆயுள் இரண்டு மழைக்காலம் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு வழக்கு இருந்தது. சின்னக் குழந்தைகளின் கல்லைப் பார்த்தால் அது புரியும். 1878இல் தொடங்கிப் பத்தாண்டில் விக்டோரியா டெர்மினஸைக் கட்டிய எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் இங்கேதான் இருக்கிறார். கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட்டும் இங்கேதான். ஆச்சிக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் திரும்பும்போது ஆளில்லாத ஒரு கல்லிலாவது ஒரு பூவை வைக்காமல் வரமாட்டாள். "பிள்ளைய பெத்தும் பாக்க நாதியில்ல பாரு, பாவம்" என்பாள்.

பிறகு என்ன நடந்தது என்று பம்பாய்த் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தேவனாருக்கு 1971இல் கசாப்புக்கூடம் போனதும் தோல் ஷாப்புகள் தேயத் தொடங்கின. பெரியப்பா பிள்ளைகள் செம்பூருக்கும் கல்யாணுக்கும் போனார்கள். அவர்களின் பிள்ளைகள் துபாய்க்கும் டொராண்டோவுக்கும் போனார்கள். படித்தோம், முன்னேறினோம். எங்கள் குழிக்குப் பக்கத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களின் கற்களை இன்று பார்க்கிறேன். ஒன்றில் அரசமரம் என் இடுப்புயரம் நிற்கிறது. இன்னொன்றில் பெயர்ப் பலகையே இல்லை. ஆச்சி யாருக்காகப் 'பாவம்' என்றாளோ அவர்களின் வரிசையில் நாமே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறோம். அந்த வெள்ளைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். நம்முடையவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அந்த வெள்ளைக்காரர்களுக்காக 1976இல் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கி, தெற்காசியக் கல்லறைகளைப் பதிவு செய்கிறார்கள். தாராவித் தமிழனின் கல்லைப் பதிவு செய்ய எந்தச் சங்கமும் இல்லை.

இடம் இல்லை என்பது இன்னொரு பெரிய விஷயம். மும்பையில் இப்போது நிரந்தரக் குழி புதிதாகக் கிடைப்பது அரிது. பொதுக் குழியில் அடக்கம் செய்து, சுமார் இரண்டு ஆண்டில் எலும்புகளை எடுத்துச் சுவரில் உள்ள சிறு மாடத்தில் வைப்பார்கள். அதைக் குறையென்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில்கூடக் குழி இருபது முப்பது ஆண்டுக் குத்தகைதான். சிக்கல் மண்ணில் இருக்கிறது. பாலிஷ் போட்ட கெட்டிப் பெட்டி, நைலான் உடுப்பு, மழையில் ஊறிய நிலம், எல்லாம் சேர்ந்து உடலை மட்க விடுவதில்லை. அதனால்தான் வசாய்ப் பக்கம் சில பங்குக் கோயில்களில் பெட்டியே வேண்டாம், பருத்தித் துணி போதும் என்று சொல்லத் தொடங்கினார்கள். நல்ல முடிவு. நம் ஊரில் முன்பு ஏழைகளைப் பாயில் சுற்றித்தான் புதைத்தார்கள்.

அடக்கம் செய்யும் உரிமையே கேள்விக்குள்ளான நாளையும் பார்த்தோம். 2020 மார்ச் 30 அன்று, கொரோனாவில் இறந்தவர் எந்த மதமானாலும் எரிக்கத்தான் வேண்டும் என்று மாநகராட்சி சுற்றறிக்கை விட்டது; எதிர்ப்பு வந்ததும் அன்றே மாற்றிக்கொண்டது. மே மாதம் பம்பாய் உயர்நீதிமன்றம் அடக்க உரிமையை உறுதி செய்தது. அந்தச் சுற்றறிக்கை நடப்பில் இருந்த சில மணி நேரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை.

2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு என்றார்கள். தெரு முழுக்க மக்கள் இரும்புப் பெட்டிகளைக் கவிழ்த்துப் பழைய ரேஷன் கார்டையும் மின்சார பில்லையும் தேடினார்கள். நானும் தேடினேன். என் கைக்கு முதலில் வந்தது சிவ்ரி ரசீதுதான். மடித்த இடமெல்லாம் கிழிந்து, அப்பா பின்பக்கம் காகிதம் ஒட்டி வைத்திருந்தார். நாங்கள் இந்த ஊரில் வாழ்ந்தோம் என்பதற்கு அதைவிடப் பழைய அத்தாட்சி எங்களிடம் இல்லை. வீட்டுக் கணக்கில் அதற்கு மதிப்பில்லை. எங்களுக்கு உண்டு.

சிவ்ரியில் குடும்பக் குழி உள்ளவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன். ரசீது யார் வீட்டில் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரியுங்கள். அது இறந்துபோன ஒருவர் பெயரில் இருந்தால், வாரிசுகள் எல்லாரும் உயிரோடு இருக்கும்போதே கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றிவிடுங்கள். சவப்பெட்டியை வாசலில் வைத்துக்கொண்டு டொராண்டோவுக்குப் போன் போட்டுச் சம்மதம் கேட்கிற நிலை எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம். கல்லில் ஆசிட் ஊற்றாதீர்கள், பளிங்கு கரைந்து எழுத்து போய்விடும். மேலே குளியலறை டைல் ஒட்டாதீர்கள், ஈரம் உள்ளே நின்று அடிக்கல்லைத் தின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து தோட்டத்து மாலிக்குப் பணம் அனுப்புங்கள், தவறில்லை. ஆனால் லீவுக்கு வரும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்தப் பெயரை அவர்கள் வாயால் வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் அங்கேயே சொல்லிக் கொடுங்கள்.