தட்டுவடை செட்டும் பர்கரும்

சேலத்துக்காரன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் மாம்பழத்தை விசாரிப்பார்கள், வயதில் பெரியவர்களாக இருந்தால் மாடர்ன் தியேட்டர்ஸை விசாரிப்பார்கள், இரும்பாலையைப் பற்றிக்கூட யாராவது கேட்பதுண்டு. ஆனால் மதுவிலக்கைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. 1937 அக்டோபர் 1ஆம் தேதி, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி, தாம் வக்கீலாகத் தொழில் பார்த்து நகராட்சித் தலைவராகவும் இருந்த சேலத்தைத்தான் முதலில் தேர்ந்தெடுத்து, நாமக்கல்லும் திருச்செங்கோடும் தர்மபுரியும் ஒன்றாய்க் கிடந்த அந்தப் பெரிய ஜில்லா முழுவதும் கள்ளுக்கடை, சாராயக்கடை அத்தனையையும் மூட வைத்தார். மற்ற ஜில்லாக்கள் எல்லாம் அதற்கப்புறம்தான். கடைகளை மூடினால் கஜானாவில் ஓட்டை விழுமே, அதை அடைக்க 1939இல் விற்பனை வரி என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். கள் போச்சு, வரி வந்தது என்று எங்கள் தாத்தா தலைமுறை சிரித்துக்கொண்டே சொல்லும். அழுதுகொண்டே சொன்னவர்களும் இருந்திருப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரில், என் தங்கை மகன் போன மாதம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது ஒரு பப்புக்கு. "மாமா, நீங்க ஒண்ணும் குடிக்க வேண்டாம். அங்க பர்கர் பிரமாதமா இருக்கும், அதுக்காக வாங்க" என்றான். பர்கர் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் இருந்த பதினேழு வயதுப் பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவன் வாடகை நூலகத்தில் ஆர்ச்சி காமிக்ஸ் எடுத்துப் படித்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டவன். அதில் ஜக்ஹெட் என்று ஒரு நோஞ்சான் வருவான், தலையில் கிரீடம் மாதிரி ஒரு தொப்பி, எப்போது பார்த்தாலும் பர்கர் தின்றுகொண்டிருப்பான். பர்கர் என்பது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் தெருவில் ஆள் கிடையாது. படத்தைப் பார்த்து நானே ஒரு முடிவுக்கு வந்து, பேக்கரியில் ஒரு பன் வாங்கி, அதைக் குறுக்கே பிளந்து, டீக்கடை மசால் வடை ஒன்றை அமுக்கி உள்ளே வைத்து, நண்பர்கள் முன்னால் இரண்டு கையாலும் ஜக்ஹெட் பிடிக்கிற அதே பாணியில் பிடித்துக் கடித்தேன். வடை பின்பக்கமாகச் சட்டையில் விழுந்தது. அமெரிக்காவில் எப்படித்தான் சமாளிக்கிறார்களோ என்று ரொம்ப நாள் அந்த நாட்டின் மேல் எனக்கு ஒரு மரியாதை இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பன்னையும் வடையையும் தூக்கிக்கொண்டு நான் அலைந்த அதே தெருவின் முனையில், அசல் பர்கரே மாலைதோறும் விற்பனையாகிக்கொண்டிருந்தது. அதை நான் பர்கர் என்று கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான். தட்டுவடை செட்டு. சேலத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: உள்ளங்கையில் அடங்குகிற மொறுமொறு தட்டுவடை ஒன்றை எடுத்து, பச்சையாய் ஒரு மல்லிப் புதினாச் சட்னியும் சிவப்பாய் ஒரு மிளகாய்ப் பூண்டுச் சட்னியும் தடவி, துருவிய பீட்ரூட், கேரட், பொடிப்பொடியாய் அரிந்த வெங்காயம் இவற்றை ஒரு சிட்டிகை அள்ளி மேலே வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடி நம் கையில் கொடுத்துவிடுவார்கள். மொத்தமாக வாயில் போட வேண்டும். பாதி கடித்து மீதியை வைத்துப் பேசிக்கொண்டிருப்பவன் வெளியூர்க்காரன் என்று செட்டு போடும் தள்ளுவண்டி அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாபேட்டையிலும் பொன்னம்மாபேட்டையிலும் அந்தி சாய்ந்தால் தள்ளுவண்டிகள் வந்துவிடும். தறிச் சத்தம் ஓய்ந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம், கைகளில் சாயக்கறை இருக்கும், பீட்ரூட் கறையா பாவுக்குப் போட்ட சாயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாம் நின்றுகொண்டே தின்போம், அக்கா போட்டுக்கொண்டே இருப்பார், கடைசியில் எத்தனை என்று அவர் கேட்பார், நாம் சொல்வதுதான் கணக்கு. நாங்கள் நாலைந்து பேர் போனால் ஆளுக்கொன்றைக் குறைத்துச் சொல்லிப் பார்த்ததுண்டு. "சரி தம்பி" என்று வாங்கிக்கொள்வார், ஆனால் மறுநாள் பீட்ரூட் குறைவாக இருக்கும். செட்டு அலுத்தால் தட்டுவடையை நொறுக்கிப் போட்டுக் கலந்த நொறுக்கல், மாங்காய்க் காலத்தில் மாங்காய் செட்டு, கையில் சில்லறை கூடுதலாக இருந்தால் முட்டை நொறுக்கல்.

குடிக்கிற சமாச்சாரம் அப்போது வேறு மாதிரி இருந்தது. 1971இல் திறந்த கடைகளை 1974இல் மூடிவிட்டார்கள், மறுபடி எம்.ஜி.ஆர். 1981இல் திறக்கும்வரை, டாக்டர் சீட்டோடு பெர்மிட் வைத்திருந்த பெரிய மனிதர்கள் போக மற்றவர்களுக்குப் பெங்களூர்தான் கதி. இருநூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போய் ஒரு பீரைக் குடித்துவிட்டு, திரும்பும்போது கொய்யா இலை, ஏலக்காய், பூண்டு என்று கிடைத்ததையெல்லாம் மென்று, வீட்டு வாசலில் மூச்சை அடக்கிக்கொண்டு நுழைந்த தலைமுறை எங்களுடையது. அந்தப் பீர் அப்படியொன்றும் ருசியாக இல்லை. ஆனால் பயம் ருசியாக இருந்தது.

இப்போது பப்பின் வாசலில் ஒரு இளைஞர் வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்துவிடுகிறார். உள்ளே குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்து மேசையில் ஒரு மாமியாரும் மருமகளும்கூட. யாருக்கும் யாரிடமும் பயமில்லை, ஏலக்காய்க்கு வேலையே இல்லை. விளக்கைத்தான் ஏனோ குறைத்து வைத்திருக்கிறார்கள்; நாங்கள் ஒளிந்து குடித்த காலத்தில் தேவைப்பட்ட இருட்டை, ஒளிய வேண்டாத காலத்தில் காசு கொடுத்து வாங்குகிறோம். மெனு அட்டை கிடையாது, மேசையில் ஒட்டியிருக்கும் கட்டத்தைப் போனில் படம் பிடிக்க வேண்டும். மருமகன் படித்துக்காட்டினான். ஒரு பர்கரின் பெயர் நாலு வரி நீளம், அதன் நடுவில் "பண்ணை முட்டை" என்று பெருமையாகப் போட்டிருந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நாமக்கல்லுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் உட்கார்ந்துகொண்டு! எங்கள் அப்பாயி பண்ணை முட்டையைக் கையால் தொட மாட்டார், அதில் சத்து இல்லை, சேவல் இல்லாமல் போட்ட முட்டை என்பார். நாட்டு முட்டை கிடைக்காத நாளில் சும்மா இருப்போமே தவிர வெள்ளை முட்டை வீட்டுக்குள் வராது. இன்றைக்கு நாமக்கல் முட்டை சத்துணவுக் கூடங்களுக்கும் போகிறது, கப்பலேறி வெளிநாட்டுக்கும் போகிறது, சுற்றி வளைத்து எங்கள் ஊர் பப்பின் பர்கருக்குள்ளும் கௌரவமாக ஏறி உட்கார்ந்துவிட்டது. அப்பாயி இல்லை.

பர்கர் ஒரு மரப்பலகையில் வந்தது, நடு உச்சியில் குச்சி குத்தி. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. கோழி இறைச்சி பூப்போல வெந்திருந்தது, பன்னை வெண்ணெயில் வாட்டியிருந்தார்கள், அந்த முட்டையின் மஞ்சள் கரு உடைந்து வழிந்தபோது ஜக்ஹெட்டை நான் மன்னித்தேன். ஆனால் அதன் உயரம் ஒரு மனிதன் வாய் திறக்கும் அளவைவிட அதிகம். கத்தியும் முள்கரண்டியும் கொண்டு வந்து வைத்தார்கள். கையால் தின்பதற்கென்றே பிறந்த பண்டத்தைக் கத்தியால் அறுத்துத் தின்கிற அளவுக்கு நாகரிகம் முன்னேறிவிட்டது. நான் இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தேன். முட்டை பின்பக்கமாக வழிந்து சட்டையில் விழுந்தது. ஆக, அமெரிக்காவிலும் சமாளிக்க முடியாது போலிருக்கிறது.

பில்லைப் பார்த்ததும் ராஜாஜி ஞாபகம் வந்தார். பர்கருக்கு ஜி.எஸ்.டி. தனியாக, மருமகன் குடித்த பீருக்கு மாநிலத்தின் வாட் தனியாக. மதுவை ஒழித்த நஷ்டத்தை ஈடுகட்டப் பிறந்த வரியின் வாரிசும், ஒழித்ததாகச் சொன்ன மதுவும் ஒரே காகிதத்தில் பக்கத்துப் பக்கத்து வரியில் சமாதானமாகக் குடியிருக்கின்றன. "என்ன மாமா சிரிக்கறீங்க?" என்றான். 1937 என்றேன். வீட்டுக்கதவு எண்ணைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான்.

செட்டுக் கடைகளும் அப்படியே இருந்துவிடவில்லை. சீஸ் துருவிப் போட்ட செட்டு வந்துவிட்டது, தள்ளுவண்டியிலும் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது, எத்தனை சாப்பிட்டோம் என்று குறைத்துச் சொல்ல முடியாதபடி அக்காவின் மகன் தட்டு தட்டாக எண்ணிக் கொடுக்கிறான். விலை ஏறியிருக்கிறது, ஆனாலும் அந்தப் பப்பில் ஒரு பர்கருக்குக் கொடுத்த காசுக்கு ஒரு தெருவுக்கே செட்டு வாங்கித் தரலாம். நீங்கள் சேலம் பக்கம் வந்தால் பர்கரும் சாப்பிடுங்கள், தப்பில்லை. செட்டு சாப்பிடுவதாக இருந்தால் மாலையில் வாருங்கள், வண்டி பக்கத்திலேயே நின்று சாப்பிடுங்கள். பார்சல் மட்டும் கட்டாதீர்கள், வீடு போய்ச் சேர்வதற்குள் நமத்துவிடும்.